மீன் குழம்போடு பருக எந்த வைன் பொருந்தும்?

குழுவினருக்கு வணக்கம். ராயபுரத்தில் வசிக்கிறேன். சென்ற ஞாயிறன்று காசிமேட்டில் வாங்கிய வஞ்சிரத்தைப் புளி கரைத்துக் குழம்பு வைத்து, நண்பர்கள் மூவரை அழைத்து, நாசிக்கில் தயாரான 750 மி.லி. ஷிராஸ் சிவப்பு வைனைத் திறக்க முயன்றபோது தக்கை பாதியில் முறிந்துவிட்டது. மிச்சத்தை உள்ளே தள்ளி, டீ வடிகட்டியில் வடித்துத்தான் ஊற்றினோம் (வடிகட்டியில் ஏலக்காய் வாசம் இருந்ததை யாரும் பெரிதுபடுத்தவில்லை).

துவர்ப்பு மிகுந்த அந்த வைன் குழம்பின் காரத்தோடு சேர்ந்து நாக்கை எரித்தது. சிவப்பு வைனை ஏறத்தாழ 16 முதல் 18 டிகிரியில் பருகுவது வழக்கம். எங்கள் கூடத்தில் அன்றிரவு 31 டிகிரி இருந்ததால், பழ வாசனைக்கு முன்பாக ஆல்கஹால் நெடியே மூக்கில் ஏறியது. அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்த பிறகு சற்றுத் தேவலை.

அடுத்த மாதம் மீண்டும் கூடவிருக்கிறோம். லேசான இனிப்புள்ள ஷெனின் பிளாங்க் என்ற வெள்ளை வைன் காரத்தைத் தணிக்கும் என எண்ணுகிறேன். அதைப் புளிக்குழம்போடு பருகிப் பார்த்தவர்கள் தங்கள் அனுபவத்தை எழுத வேண்டுகிறேன். தக்கை முறியாமல் திறக்க எவ்வகைத் திருகு நல்லது, திறந்த பாட்டிலை ஃப்ரிட்ஜில் எத்தனை நாள் வைத்துப் பருகுகிறீர்கள் என்பதையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.