நத்தார் பரிசு: ஒரே வீட்டில் 10 மாதம், இரண்டரை வயது, 5 வயது. என்ன வாங்குவது?

கேள்வி (கொட்டாஞ்சேனை)
மூன்று பிள்ளைகளும் வெள்ளவத்தையில் ஒரே ஃபிளாட், நாலாம் மாடி, கடல் பக்கம். ரொறன்ரோவிலிருந்து கார்கோவில் ஒரு பெட்டியும் வருகுது. புறக்கோட்டையில் வாங்கும்போது எதைப் பார்க்க வேணும், எதை வேண்டாம் எண்டு விடவேணும்? சாமானைக் கையில வைச்சுப் பார்த்துப் பழகின ஆக்கள் சொல்லுங்கோ.

விளையாட்டுச் சாமான் வியாபாரம், புறக்கோட்டை
மூன்று வயசை மூன்றாப் பிரிச்சு யோசிக்காதேங்கோ. பத்து மாதப் பிள்ளை தவழுது. ஐஞ்சு வயசுக்காரனுக்கு வாங்கிறதும் கடைசியில அதின்ர வாய்க்குத்தான் போகும். அந்த வாயை வைச்சுத்தான் முழுப் பட்டியலையும் போட வேணும்.

டொய்லட் ரோல் முடிஞ்ச பிறகு மிஞ்சும் அட்டைக் குழாயை பாக்கில போட்டுக்கொண்டு போங்கோ. அதின்ர வாய் கிட்டத்தட்ட 4 செ.மீ. மூன்று வயசுக்குக் கீழ உள்ள பிள்ளையளின்ர சாமானைச் சோதிக்கிற உருளை 3.17 செ.மீ. அகலம். அதைவிடக் குழாய் கொஞ்சம் பெரிசு எண்டதால பிழைச்சாலும் பாதுகாப்பான பக்கம்தான் பிழைக்கும். அமத்தாமல் உள்ளுக்க விழுகிற எந்தத் துண்டும் வேண்டாம். முழுச் சாமானை மட்டும் பார்த்தால் போதாது. காரின்ர சில்லு, பொம்மையின்ர சப்பாத்து, கரடியின்ர மூக்கு எல்லாத்தையும் பிடிச்சு இழுத்துப் பாருங்கோ. கடைக்காரர் முகம் சுழிச்சால் சுழிக்கட்டும்.

பிளாஸ்டிக்கை மெல்ல வளைக்கேக்க ஓரம் வெள்ளையாகி நெரிஞ்சால், கீழ விழுந்தவுடன கூரான துண்டா உடையும். பெயின்ற் அடிச்ச மரச்சாமானை ஈர வெள்ளைத் துணியால தேயுங்கோ. நிறம் ஒட்டினால் விட்டிடுங்கோ. பெட்டியில 'சீ.ஈ.' அடையாளம் இருக்கு எண்டு நம்பிறவை அதிகம். அது ஐரோப்பியப் பாதுகாப்பு விதிக்கு ஏற்றது எண்டு உற்பத்தியாளர் தானே போட்டுக்கொள்ளுற உறுதிமொழி, வேற ஒருத்தர் பரிசோதிச்சுக் குடுத்த சான்றிதழ் இல்லை. வட்டத்துக்குள்ள 0-3 போட்டுக் குறுக்கால கோடு இழுத்த படம் இருந்தால், அந்தச் சாமான் மூன்று வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைக்குக் கூடாது, பெரும்பாலும் சின்னத் துண்டாலதான், எண்டு அர்த்தம். 'என்ர பிள்ளை கெட்டிக்காரன், இரண்டு வயசிலயே விளையாடுவான்' எண்டு சொல்லி வாங்கிற குறி இல்லை அது.

சிறுவர் வார்டு தாதி
ஒண்டே ஒண்டு சேர்க்கிறன், ஆனால் பெரிசு. பட்டன் பற்றரி. நத்தார் காலத்தில இது வீடு முழுக்க இருக்கும்: பாட்டுப் பாடுற வாழ்த்து அட்டை, மின்னுற கோல், குடிலுக்குள்ள வைக்கிற பற்றரி மெழுகுதிரி. 20 மி.மீ. அகலமான சீஆர் 2032 எண்ட பட்டன் பற்றரி சின்னப் பிள்ளையின்ர உணவுக்குழாயில சிக்கும். ஈரத்தில மின்னோட்டம் ஓட, அந்த இடத்தில காரம் உண்டாகி 2 மணித்தியாலத்துக்குள்ளயே தசையை எரிக்கும். 'பற்றரி இறந்துபோச்சு, பரவாயில்லை' எண்டு நினைக்காதேங்கோ. சாமானை ஓட்ட முடியாத பற்றரியிலும் எரிக்கக் காணும் அளவு மின் இருக்கும்.

பற்றரி மூடி ஸ்குரூ ஆணியால பூட்டினதா எண்டு பாருங்கோ. விரல் நகத்தால திறக்குதெண்டால் வேண்டாம். விழுங்கினதாச் சந்தேகம் வந்தால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உடன பொரளை ரிஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரி, அல்லது 1990 அம்புலன்ஸ். ஒரு வயசு தாண்டின பிள்ளை, விழுங்க முடியுது, 12 மணித்தியாலத்துக்குள்ள எண்டால், போகிற வழியில 10 நிமிசத்துக்கு ஒருக்கா 2 தேக்கரண்டி தேன், ஆறு தரம் வரைக்கும் குடுக்கலாம். தேன் தேடிக்கொண்டு நிண்டு நேரத்தை விடாதேங்கோ. உங்கட பத்து மாதக் குழந்தைக்குத் தேனே கூடாது.

காந்த உருண்டையளும் அப்படித்தான். இரண்டு விழுங்கினால் குடலின்ர இரண்டு மடிப்பை ஒண்டோட ஒண்டு இழுத்து இறுக்கி ஓட்டை போடும்.

எலெக்ட்ரீஷியன், தெஹிவளை
ரொறன்ரோப் பெட்டி எண்டதால சொல்றேன். கனடாவில 120 வோல்ட், இங்க 230. அடாப்டரில பொடி எழுத்தில இருக்கிறதை வாசிங்க. '100-240' எண்டு இருந்தா பின் மாற்றி மட்டும் போதும். '120' எண்டு மட்டும் இருந்தா போட்ட கொஞ்ச நேரத்தில சூடாகிப் புகையும். பின் மாற்றி வோல்ட்டைக் குறைக்காது, இங்கதான் ஏமாறுறாங்க. சார்ஜ் பண்ற சாமானை விட்டுட்டு ஏஏ பற்றரியில ஓடுறதை அனுப்பச் சொல்றது லேசு.

பழைய பற்றரியோட புதுசைக் கலக்காதீங்க. பலவீனமானதை மற்றது தலைகீழாத் தள்ளி ஒழுக வைக்கும். மலிவு காபன் பற்றரியில நாகத் தகடுதான் உறை, மின்னுக்கும் அதுதான் கரையுது, அதனால மெலிஞ்சு ஒழுகும். ஜனவரியில விளையாட்டு அலுத்துப்போகும், அப்ப பற்றரியைக் கழட்டுங்க. கடற்காத்து அடிக்கிற ஃபிளாட்டில தகடு சீக்கிரம் பச்சை பூக்கும்.

முன்பள்ளி ஆசிரியை, வெள்ளவத்தை
சத்தம் போடுற சாமானை விட்டுவிடுங்கள். வாங்கிவிட்டால் ஒலிபெருக்கி ஓட்டைமேல் இரண்டு சுற்று செலோடேப் ஒட்டினால் பாதி அடங்கும், அயல்வீட்டாரும் வாழ்த்துவார்கள்.

பத்து மாதத்துக்கு அடுக்கும் கிண்ணங்கள். இழுக்கும் சாமான் என்றால் கயிறு 22 செ.மீ.க்கு மேல் நீளக்கூடாது. இரண்டரைக்கும் ஐந்துக்கும் கட்டிடக் கட்டைகள்தான் நல்ல முதலீடு. டூப்லோ கட்டை லெகோ கட்டையைப் போல நீளம், அகலம், உயரம் மூன்றிலும் இரண்டு மடங்கு, இரண்டும் ஒன்றில் ஒன்று பொருந்தும். ஆனால் இந்த வீட்டில் இப்போதைக்கு டூப்லோ மட்டும். லெகோ, தவழும் குழந்தை வளர்ந்த பிறகு.

துண்டுகளைப் பொருத்தும் புதிர்ப்படம் இரண்டரைக்கு 4 முதல் 6 துண்டு, ஐந்துக்கு 48 வரை. 100 துண்டுப் பெட்டி பெற்றோருக்கான பரிசு. ஈரக்காற்றில் அட்டை ஓரம் விரிந்துவிடும், மூடியுள்ள டப்பாவில் போட்டுக் கொடுங்கள். தமிழ்ப் படப்புத்தகத்துக்குச் செட்டியார் தெரு பூபாலசிங்கம். சின்னவருக்குத் தடித்த அட்டைப் பக்கமாக எடுங்கள்.

மலிவான, நல்ல பரிசு, களிமாவு. 2 கப் கோதுமை மா, 1 கப் உப்பு, 2 மேசைக்கரண்டி எண்ணெய், 2 மேசைக்கரண்டி கிறீம் ஒஃப் டாட்டார் (கேக் சாமான் கடையில் கிடைக்கும்), நிறம் கலந்த ஒன்றரைக் கப் கொதிநீர். கிளறி, ஆறியதும் பிசையுங்கள். உப்பு காற்றின் ஈரத்தை இழுப்பதால் கொழும்பில் மூன்றாம் நாள் பிசுபிசுக்கும். அப்போது ஒரு கரண்டி மா சேர்த்தால் சரி. உப்பு அதிகம் என்பதால் சின்னவருக்கு எட்டாமல் வையுங்கள்.

கேள்வி (கொட்டாஞ்சேனை)
பத்து மாதத்துக்கு வோக்கர் எண்டு மாமியார் பக்கம் நிக்கினம். இரண்டரைக்கு ஏறி ஓடுற கார்?

சிறுவர் வார்டு தாதி
வோக்கர் வேண்டாம் தங்கச்சி. நடையைப் பழக்காது, பிள்ளைக்கு இல்லாத வேகத்தைக் குடுக்கும், அடுப்படிக்கும் படிக்கட்டுக்கும் கொண்டுபோகும். கனடா 2004 இலயே தடை செய்திட்டுது. ரொறன்ரோக்காரர் சொன்னால் மாமி கேப்பா.

விளையாட்டுச் சாமான் வியாபாரம், புறக்கோட்டை
கார் சரி. இருக்கையில இருக்கேக்க இரண்டு பாதமும் நிலத்தில முழுசாப் பட வேணும். சில்லில ரப்பர் இல்லாட்டி கீழ்வீட்டுக்காரர் மேல வருவார். நாலாம் மாடி எண்டதால காரையும் விளையாட்டுக் குசினியையும் பல்கனிக் கம்பிக்குப் பக்கத்தில வைக்க வேண்டாம், பிள்ளைக்கு அது ஏறுபடி.

24 ஆம் திகதி பின்னேரமே பெட்டியைப் பிரிச்சு, கம்பிக் கட்டு, ஸ்டேப்பிள், சிலிக்கா பொட்டலம் எல்லாம் எடுத்து, பற்றரி போட்டு ஓட்டிப் பார்த்திட்டுத் திரும்பச் சுத்துங்கோ. சின்ன ஸ்டார் ஸ்குரூ டிரைவர் ஒண்டும் வாங்கி வையுங்கோ. நடுச்சாமப் பூசை முடிஞ்சு வந்து தேடினால் ஒரு கடையும் திறந்திராது.