டிஸ்கனெக்ட்: அறுந்ததா, சேராததா?

தண்டையார்பேட்டை டீச்சர்:
வடசென்னையைப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதச் சொன்னால், பிளஸ் டூ பிள்ளைகள் பாதிப்பேர் 'நமக்கும் நகரத்துக்கும் நடுவே எ டிஸ்கனெக்ட் (a disconnect) இருக்கிறது' என்று எழுதுகிறார்கள். நான் அந்தச் சொல்லை அடித்துவிடுகிறேன். பில் கட்டாவிட்டால் கரண்ட்டை டிஸ்கனெக்ட் செய்வார்கள். அது வினைச்சொல். பெயர்ச்சொல் வேண்டுமென்றால் டிஸ்கனெக்‌ஷன் இருக்கிறதே?

ராயபுரம்வாசி:
டீச்சர், ஆக்ஸ்ஃபோர்டு, மெரியம் வெப்ஸ்டர் இரண்டிலும் அது பெயர்ச்சொல்லாகவும் இருக்கிறது. 'ரெக்கார்ட்', 'பர்மிட்' மாதிரி ஒரே எழுத்து, இரண்டு வேலை. டிஸ்கனெக்‌ஷன் என்றால் இணைப்பைத் துண்டிப்பது. எ டிஸ்கனெக்ட் என்றால் இரண்டு பக்கம் ஒத்துப்போகாமல் நிற்பது. சொல்வது ஒன்று, நடப்பது ஒன்று என்கிறோமே, அது. பிள்ளைகள் இந்தப் பொருளில்தான் எழுதுகிறார்கள். அடிக்காதீர்கள்.

தண்டையார்பேட்டை டீச்சர்:
அகராதியில் இருக்கட்டும் தம்பி. கனெக்ட் என்பதன் வேர் லத்தீன் நெக்டெரே, கட்டுவது என்று பொருள். கட்டியதைத்தானே அவிழ்க்க முடியும்? வடசென்னையை யார், எப்போது நகரத்தோடு கட்டினார்கள்? வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ வந்ததே 2021-இல்தான். அன்கனெக்டட், அதாவது சேராதது, என்று எழுதினால் முழு மதிப்பெண் தருவேன்.

கொருக்குப்பேட்டை கால்வாய்க்கரை:
டீச்சர் சொல்வதை என்னால் ஏற்க முடியாது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று புறப்பட்டது எங்கள் பக்கத்து ராயபுரத்திலிருந்து. வாலாஜா ரோடு வரை போனது. அப்போது சென்ட்ரலே கிடையாது, அது 1873-இல் வந்தது. எழும்பூர் நிலையம் இன்னும் பிற்பாடு, 1908. அப்புறம் பக்கிங்காம் கால்வாய். இன்று மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிறோம். ஒரு காலத்தில் இதே கால்வாயில் எண்ணூர், பழவேற்காடு தாண்டி ஆந்திரா வரைக்கும் படகு ஓடியது. விறகும் உப்பும் இந்த வழியாகத்தான் பட்டணத்துக்குள் வந்தன. ஊருக்கே வாசலாக இருந்த இடம் இது. இணைப்பு இருந்தது, அறுத்துவிட்டார்கள். கட்டவே இல்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் இந்த வரலாறு முழுக்கப் போய்விடும். எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

ராயபுரம்வாசி:
அண்ணே, வரலாறு சரி. ஆனால் ராயபுரத்தில் இன்றைக்கும் ரயில் நிற்கிறது. முழுக்க அறுந்தது என்று சொல்ல முடியாதே.

எண்ணூர் முகத்துவாரம்:
நீங்கள் மூன்று பேரும் ரயிலையும் கால்வாயையுமே பேசுகிறீர்கள். எங்கள் பக்கம் வந்து பாருங்கள். அனல்மின் நிலையங்களிலிருந்து உயர் அழுத்தக் கம்பிகள் தலைக்கு மேலே போகின்றன. நகரம் அந்த மின்சாரத்தில் ஓடுகிறது. அந்த இணைப்பு ஒருநாளும் அறுந்ததில்லை. நிலக்கரிச் சாம்பல் மட்டும் கொசஸ்தலை ஆற்றில் இறங்குகிறது. தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களின் கையில் சேற்றோடு சாம்பலும் வருகிறது. இதற்கு டிஸ்கனெக்‌ஷன் பொருந்தாது, கம்பி இருக்கிறது. அன்கனெக்டட்டும் பொருந்தாது. கம்பி இருந்தும் அந்தப் பக்கத்துக்கு இந்தப் பக்கம் தெரியவில்லை. ராயபுரம் தம்பி சொன்ன 'எ டிஸ்கனெக்ட்' இதற்குத்தான் வேண்டும்.

தண்டையார்பேட்டை டீச்சர்:
எண்ணூர்க்காரர் சொன்னதில் இரண்டு பக்கமும் இருக்கிறது. என் பிள்ளைகள் எழுதுவதில் அது இல்லை. 'வடசென்னைக்கும் நகரத்துக்கும்' என்று மொட்டையாக எழுதினால் இனியும் அடிப்பேன். மின்சாரம் எங்கே போகிறது, சாம்பல் எங்கே விழுகிறது என்று எழுதிவிட்டு அந்தச் சொல்லைப் போட்டால் மதிப்பெண் உண்டு.

கொருக்குப்பேட்டை கால்வாய்க்கரை:
ராயபுரம் 1856 என்றும் எழுதச் சொல்லுங்கள் டீச்சர்.