மறு: டோல், ஒர்க் ரிலீஃப் – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

> டோல் – இலவச உதவி. ஒர்க் ரிலீஃப் – வேலை நிவாரணம். சரிதானே?

ஐயா, வணக்கம்.

'இலவச உதவி'யில் வசவே இல்லையே! 1930களின் அமெரிக்க அரசியலில் 'டோல்' எதிராளி மேல் வீசுகிற சொல். கூட்டரசு (மத்திய அரசு) ஏழைகளுக்கு நேரடியாகப் பணம் கொடுப்பதை அதைச் சொல்லித்தான் அன்றைய அதிபர் ஹூவர் மறுத்தார். 1930 வறட்சியில் விதைக்கும் உரத்துக்கும் கால்நடைத் தீவனத்துக்கும் 4.5 கோடி டாலர் கடன் தர இசைந்தவர், அதில் மனிதர்க்கு உணவு வாங்கக் கூடாது என்று நின்றார். மாட்டுக்குத் தீனி உண்டு, ஆளுக்குச் சோறில்லையா என்று எதிர்த்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

அவருக்குப் பின் அதிபரான ரூஸ்வெல்ட்டுக்கும் அது பிடிக்காத சொல்தான். 1933இல் ஹாரி ஹாப்கின்ஸைத் தலைவராக்கி, மாநிலங்கள் வழியாக 50 கோடி டாலர் நிவாரணம் கொடுக்க ஏற்பாடு செய்தார். 1935 ஜனவரியில் ரூஸ்வெல்ட்டே காங்கிரஸில் (அமெரிக்க நாடாளுமன்றத்தில்), இப்படிக் கொடுப்பது மனத்தை அரிக்கும் போதைமருந்து, கூட்டரசு இதை விட்டாக வேண்டும் என்றார். பின்னாலேயே டபிள்யூ.பி.ஏ. என்ற கூட்டரசு வேலைத்திட்ட அமைப்பு வந்தது: சாலை போடு, பள்ளிக்கூடம் கட்டு, கூலி வாங்கு. இதுதான் ஒர்க் ரிலீஃப்.

ஆகவே ஹாப்கின்ஸ் கொடுத்தது 'நேரடி நிவாரணம்'. வசவுக்கு 'ஓசிப்படி' என்பேன். பயணப்படி, அகவிலைப்படி இருக்கின்றன; முன்னால் ஓசியை ஒட்டினால் ஏளனம் தானாக வந்துவிடும்.

'வேலை நிவாரணம்' வேண்டவே வேண்டாம். வலி நிவாரணம் வலியைப் போக்கும். இது வேலையைப் போக்கிவிடும். (டபிள்யூ.பி.ஏ. ஆட்கள் மண்வெட்டியில் சாய்ந்து நிற்பவர்கள் என்று கேலி பேசியவர்களுக்கு வேண்டுமானால் பிடிக்கும்.) 'வேலைவழி நிவாரணம்' என்றால் குழப்பமில்லை.

> ஓசி கொச்சை. கலைச்சொல்லில் ஏறுமா?

கட்டுரைத் தலைப்பில் வேண்டாம், அங்கே 'நேரடி நிவாரணம்' போதும். பேச்சை மொழிபெயர்க்கும்போது கொச்சைதான் வேலை செய்யும். 1932இல் ஹூவர் அரசு புனரமைப்பு நிதிக் கழகம் அமைத்து வங்கிகளுக்கும் ரயில் கம்பெனிகளுக்கும் கடன் கொடுத்தது. ஏழைக்கு மட்டும் கூடாதா என்ற கோபத்தில் காங்கிரஸ் உறுப்பினர் லா கார்டியா அதற்கு வைத்த பெயரை உங்கள் சொல்லில் போட்டால் 'கோடீஸ்வரர்களின் இலவச உதவி'. ஏதோ அறக்கட்டளைப் பெயர் மாதிரி இருக்கிறது. 'கோடீஸ்வரர்களின் ஓசிப்படி' என்று போட்டுப் பாருங்கள்.