காலி மனைப் புதருக்குப் பஞ்சாயத்து அபராதம் போடலாமா?

வேலந்தாவளத்தான்:
கேரள எல்லையில், பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் பக்கம் இருக்கும் எங்கள் வார்டு கிராம சபையில் ஒரு கோரிக்கை வைக்கப் போகிறோம். வெளியூர்க்காரர்கள் வாங்கிப் போட்டிருக்கும் மனைகளில் இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) முடிந்ததும் ஒரு முறை, துலாமழை (வடகிழக்குப் பருவமழை) முடிந்ததும் ஒரு முறை புல் பூண்டை வெட்ட வேண்டும், வெட்டாவிட்டால் அபராதம். பக்கத்து மனைக்காரர் கோவையில் இருக்கிறார். போன் செய்தால் ஆள் அனுப்புகிறேன் என்பார், ஆள் வராது. அங்கே பார்த்தீனியக் களை இடுப்பளவு நிற்கிறது. அது பூக்கும் நாட்களில் என் அம்மாவுக்குக் கையெல்லாம் தடித்துச் சிவந்து, ராத்திரியில் மூச்சு இழுக்கிறது. போன மாதம் அங்கிருந்து ஒரு கண்ணாடி விரியன் எங்கள் வாசல் வரை வந்துவிட்டது. என் வாசலை நான் எவ்வளவு பெருக்கி என்ன பயன்?

எருத்தேம்பதித் தோட்டம்:
அம்மாவின் கஷ்டம் புரிகிறது தம்பி. ஆனாலும் எதிர்க்கிறேன். ‘புல் பூண்டு’ என்று பொத்தாம் பொதுவாக எழுதினால் எது களை என்று யார் முடிவு செய்வது? என் வேலியோரம் தும்பை, கீழாநெல்லி, துத்தி எல்லாம் தானாக முளைத்து நிற்கின்றன. ஓணத்துக்குப் பூக்களம் போடும் பிள்ளைகள் தும்பைப்பூவுக்கு அங்கேதான் வருகிறார்கள். வருகிற அதிகாரி கண்ணுக்கு அது வெறும் காடு.

அமெரிக்காவில் பல ஊர்களில் புல்லின் உயரத்தை அளந்து அபராதம் போடுகிறார்கள். புளோரிடாவின் டுனெடின் நகரில் ஒரு வீட்டுக்காரருக்கு நாளுக்கு 500 டாலர் வீதம் ஏறி, கிட்டத்தட்ட 30,000 டாலர் ஆனது. நகராட்சி வீட்டின் மேலேயே கை வைக்கப் பார்த்தது. அவர் போட்ட வழக்கில் 2021-ல் நீதிமன்றம் நகராட்சி பக்கமே நின்றது. அந்த அதிகாரத்தை நம் பஞ்சாயத்துக்கும் கொடுக்க வேண்டுமா?

வேலந்தாவளத்தான்:
டுனெடினை இங்கே இழுக்காதீர்கள் அண்ணா. நாங்கள் அழகான புல்தரை கேட்கவில்லை. இது புது அதிகாரமும் இல்லை. உடம்புக்குக் கேடு வருகிற மாதிரி இடத்தை வைத்திருந்தால் நோட்டீஸ் கொடுக்கலாம் என்பது பழைய பொதுச் சுகாதாரச் சட்டங்களிலேயே உண்டு. வாளையார் பக்கம் முன்பு மெட்ராஸ் மாகாணத்து மலபார் என்பதால் 1939-ன் மெட்ராஸ் சட்டம், நம் சித்தூர் முன்பு கொச்சி ராஜ்யம் என்பதால் 1955-ன் திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டம். 2023-ல் கேரளம் இரண்டுக்கும் பதிலாக ஒரே சட்டம் கொண்டுவந்தது. சட்டம் இருக்கிறது, யாரும் எடுப்பதில்லை.

மீனாட்சிபுரம் நர்ஸ்:
பாம்பை எல்லோரும் பேசுகிறோம். உண்ணிக் காய்ச்சலையும் பேச வேண்டும், மலையாளத்தில் செள்ளுப்பனி என்பார்கள். புதரில் இருக்கும் கண்ணுக்கே தெரியாத பூச்சி கடித்து வருவது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போலக் கறுத்த பொருக்கு இருக்கும். அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ இருந்தால் நோயாளிக்கே தெரியாது, சிலருக்குப் பொருக்கே இருக்காது. சீக்கிரம் கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் மாத்திரையில் குணமாகும். சாதாரணக் காய்ச்சல் என்று வீட்டிலேயே இருந்தால் நுரையீரல், சிறுநீரகம் வரை போய்விடும். வீட்டை ஒட்டிய புதரை வெட்டத்தான் வேண்டும்.

எருத்தேம்பதித் தோட்டம்:
வீட்டை ஒட்டி வெட்டுவதை நான் மறுக்கவில்லை அக்கா. மனை முழுவதையும் வெட்டச் சொன்னால் மெஷின் வைத்து மொட்டையடிப்பார்கள். பார்த்தீனியத்துக்கு வேண்டியதே அந்த வெறும் மண்தான். ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். முளைத்து ஒரு மாதத்திலேயே பூக்க ஆரம்பிக்கும். மேலாக வெட்டினால் அடியிலிருந்து கிளைத்து மறுபடி பூக்கும். பூக்கும் முன், மண் ஈரமாக இருக்கும்போது, கையுறை போட்டு வேரோடு பிடுங்க வேண்டும். தானாக முளைக்கும் தகரைச் செடி அடர்ந்து நிற்கும் இடத்தில் பார்த்தீனியம் தலையெடுப்பது கஷ்டம். உங்கள் விதி தகரையையும் சேர்த்து அழிக்கும்.

அதைவிடப் பெரிய பயம் களைக்கொல்லி மருந்து. 2019 ஜனவரியில் திருவல்லா பக்கம் வயலில் மருந்தடித்த இரண்டு தொழிலாளிகள் இறந்தார்கள். அடுத்த மாதமே கேரளம் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியின் விற்பனையைத் தடை செய்தது. 2022-ல் மத்திய அரசும், பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்பவர்கள் மட்டுமே அதை அடிக்கலாம் என்றது. நம் ஊரில்? எல்லையில் கோபாலபுரம் தாண்டினால் தமிழ்நாட்டுப் பொள்ளாச்சி ரோடு, அங்கிருந்து களைக்கொல்லி கேன் பையில் வந்துவிடுகிறது. நோட்டீஸ் கையில் கிடைத்த கோவைக்காரர் நாலு ஆளுக்குக் கூலி கொடுப்பாரா, ஒரு கேன் வாங்குவாரா? உங்கள் கிணறு அந்த மனையிலிருந்து எவ்வளவு தூரம் தம்பி?

வேலந்தாவளத்தான்:
கிணறு பக்கத்தில்தான். அப்படியானால் கோரிக்கையில் அதையும் எழுதுவோம்: களைக்கொல்லி கூடாது, வீட்டு எல்லையிலிருந்து 15 அடிக்குப் புதர் கூடாது, பார்த்தீனியத்தை மட்டும் மனை முழுவதும் வேரோடு எடுக்க வேண்டும். தும்பைக்கும் தகரைக்கும் ஒன்றும் ஆகாது. அபராதத்தை மட்டும் விட மாட்டேன்.

மீனாட்சிபுரம் நர்ஸ்:
நோட்டீஸ் தமிழிலும் போக வேண்டும் என்று சேருங்கள். மலையாளத்தில் வந்ததைக் கோவைக்காரர் படிக்க முடியவில்லை என்று தப்பிப்பார். 1969-ன் கேரள ஆட்சிமொழிச் சட்டத்திலேயே தமிழ்ச் சிறுபான்மையினருக்கு இடம் இருக்கிறது.

எருத்தேம்பதித் தோட்டம்:
15 அடிக்கும் மருந்து வேண்டாம் என்பதற்கும் கையெழுத்துப் போடுகிறேன். அபராதத்துக்குப் போட மாட்டேன். இன்று கோவைக்காரருக்கு வரும் நோட்டீஸ் நாளை கூலி கொடுக்க முடியாத ஒரு வயதான அம்மாவின் பத்து சென்ட்டுக்கும் வரும். பஞ்சாயத்தே ஆள் விட்டுப் பிடுங்கி, ஆன செலவை மட்டும் உரிமையாளரிடம் வசூலிக்கட்டும்.

வேலந்தாவளத்தான்:
பஞ்சாயத்து ஆள் விடும் வரை அம்மா மூச்சு இழுத்துக்கொண்டே இருக்க வேண்டுமா? இரண்டையும் எழுதி எடுத்து வருகிறேன், சபை முடிவு செய்யட்டும். வார்டு வாக்காளர்களில் 10 சதவீதம் பேர் வந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லும். எதிர்ப்பதற்காகவாவது வீட்டில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் அண்ணா.