ஃபேக்டர் அனாலிசிஸ்: ‘காரணி’யை விட்டுவிட்டு ‘ஊடிழை’ என்று வைக்கலாமா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

ஃபேக்டர் அனாலிசிஸ் என்பது, பல கேள்விகளுக்கான விடைகளில் எவை சேர்ந்து போகின்றன என்று பார்த்து அவற்றைச் சில பொது அளவுகளாக (ஃபேக்டர்களாக) சுருக்கும் புள்ளியியல் முறை. ஃபேக்டருக்குத் தமிழில் ‘காரணி’ என்று எழுதுவது சரியா என்று மூன்று நாளாக இங்கே நடக்கும் பேச்சைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். உங்களில் சிலர் எழுதியதைக் கீழே மேற்கோளாக வைத்துப் பதில் சொல்கிறேன். இப்போது எழுத உட்கார்ந்ததற்கு ஓர் எம்.எட். ஆய்வேடுதான் காரணம். (காரணி அல்ல.)

எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவர் தமிழிலேயே ஆய்வேடு எழுதுகிறார். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கின்மேல் உள்ள பயம்தான் தலைப்பு. 24 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ‘முற்றிலும் ஏற்கிறேன்’ தொடங்கி ‘முற்றிலும் மறுக்கிறேன்’ வரை ஐந்து விடைகள். கணினியில் ஓட்டி மூன்று ஃபேக்டர் எடுத்திருக்கிறார்: தேர்வுப் படபடப்பு, கரும்பலகைக்கு முன்னால் நிற்கும் கூச்சம், வீட்டுப்பாடச் சலிப்பு. அதுவரை சரி. முடிவுரையில், ‘கணக்குப் பயத்துக்கு மூன்று காரணிகள் கண்டறியப்பட்டன, இவற்றை நீக்கினால் பயம் நீங்கும்’ என்று எழுதிவிட்டார். அம்மா, உங்கள் ஆய்வில் எது எதற்குக் காரணம் என்று எங்குமே சோதிக்கவில்லையே, சில கேள்விகளுக்குப் பிள்ளைகள் ஒரே மாதிரி விடை சொல்கிறார்கள் என்பது மட்டும்தானே தெரிந்தது என்று கேட்டேன். “சார், காரணின்னா காரணம்தானே?” என்றார். அவரிடம் தப்பில்லை. நாம் கொடுத்த சொல் அவரை அங்கே கொண்டுபோய் விட்டது.

> காரணி பள்ளிப் புத்தகத்திலேயே வேரூன்றிவிட்டது. இனி மாற்றுவது வீண் வேலை.

ஐயா, வேரூன்றியது எண்கணிதத்தில். 12-இன் காரணிகள் 1, 2, 3, 4, 6, 12 என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும், அதில் யாரும் கைவைக்க வேண்டாம். இரண்டாவதாக, சோதனை வடிவமைப்பிலும் காரணி என்கிறோம். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில் புள்ளியியலாளர் ஃபிஷர் செய்த வேலையை நினைத்துக்கொள்ளுங்கள்: எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைச் சீட்டுப்போட்டு எடுக்கிற மாதிரி ஒதுக்கிவிட்டு விளைச்சலைப் பார்ப்பது. அங்கே உரம் நாமே போட்டது, எனவே அதைக் காரணி என்றால் பொருள் கச்சிதமாகவே உட்காருகிறது. வகுப்பறையில் இரண்டு கற்பித்தல் முறைகளைப் பிள்ளைகளுக்கு அப்படியே ஒதுக்கிப் பார்த்தாலும் அதே கதைதான். மூன்றாவது இடத்தில்தான் சிக்கல். ஃபேக்டர் அனாலிசிஸில் நாம் எதையும் போடவில்லை, எதையும் மாற்றவில்லை. கிடைத்த மதிப்பெண்களுக்கு இடையே உள்ள ஒட்டுறவை (ஒன்று ஏறும்போது மற்றதும் எவ்வளவு சேர்ந்து ஏறுகிறது என்பதை) மட்டும் பார்த்துவிட்டு, அதைக் குறைந்த சில எண்களில் சுருக்கிச் சொல்கிறோம்.

இது எங்கே தொடங்கியது என்று பார்த்தால் சண்டையின் வேர் தெரியும். சார்ல்ஸ் ஸ்பியர்மன் பட்டாளத்தில் அதிகாரியாக இருந்துவிட்டு வயது ஏறியபின் உளவியல் படிக்கப் போனவர். 1904-இல் வெளியிட்ட கட்டுரையில் பள்ளிப் பிள்ளைகளின் செவ்வியல் மொழி, பிரெஞ்சு, ஆங்கிலம், கணிதம், சுருதி பிரித்தறிதல், இசை ஆகிய ஆறுக்கும் ஒட்டுறவு அட்டவணை போட்டார். செவ்வியல் மொழிக்கும் பிரெஞ்சுக்கும் 0.83 (1 என்றால் முழு ஒட்டுறவு). சரி, இரண்டும் மொழி. ஆனால் செவ்வியல் மொழிக்கும் சுருதி பிரித்தறிவதற்கும் 0.66! எல்லா எண்களும் நேர்மறை, அதிலும் படிக்கட்டு மாதிரி ஓர் ஒழுங்கோடு இறங்குகின்றன. ஆக எல்லாவற்றுக்கும் அடியில் பொதுவான ஓர் அறிவுத்திறன் இருக்கவேண்டும் என்றார், பின்னால் அதற்கு ‘ஜி’ என்ற பெயர் நிலைத்தது.

1916-இல் காட்ஃப்ரி தாம்சன் என்ற இன்னோர் உளவியலாளர் வந்து, பகடை உருட்டி எடுத்த செயற்கை மதிப்பெண்களிலேயே அந்தப் படிக்கட்டை வரவைத்துக் காட்டினார். அவர் அமைத்ததில் பொதுவான ஒன்று கிடையவே கிடையாது. சின்னச் சின்னத் துண்டுகள் ஏராளம், ஒவ்வொரு தேர்வும் அவற்றில் கொஞ்சத்தை அள்ளிக்கொள்கிறது, அள்ளியதில் சில துண்டுகள் பொதுவாக அமைந்துவிடுகின்றன, அவ்வளவுதான். அப்புறம் சிகாகோவில் தர்ஸ்டன் என்ற உளவியலாளர், 1938-இல், அடிப்படைத் திறன் ஒன்றில்லை ஏழு என்றார். நூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் தீராத வழக்கு இது. நாமோ தமிழில் அதற்குக் ‘காரணி’ என்று பெயர் வைத்து ஒரே சொல்லில் ஸ்பியர்மனுக்குச் சாதகமாகத் தீர்ப்பு எழுதிவிட்டோம்!

இன்னொன்று. எடுத்த ஒவ்வொரு ஃபேக்டரையும் வரைபடத்தின் ஓர் அச்சாக வைத்துக்கொண்டால், அந்த அச்சுகளை நாம் விரும்பியபடி சுழற்றலாம். 1958-இல் கைசர் சொன்ன, அச்சுகளைச் செங்குத்தாகவே வைத்துச் சுழற்றும் வேரிமேக்ஸ் ஒரு வழி, அச்சுகள் ஒன்றுக்கொன்று சாய்ந்திருக்கலாம் என்பது மற்றொரு வழி, இப்படி எத்தனையோ. எந்தக் கோணத்தில் நிறுத்தினாலும் தரவோடு பொருந்துவது அதே அளவுதான், ஆனால் ஃபேக்டருக்கு வைக்கும் பெயர் மாறிவிடும். காய்ச்சலுக்குக் கொசு காரணம் என்றால் அதை முப்பது டிகிரி திருப்பி வேறு காரணமாக்க முடியுமா?

> ஆங்கிலச் சொல்லும் லத்தீனில் ‘செய்பவர்’ என்ற பொருளில்தான் பிறந்தது. அவர்கள் வருந்தவில்லை, நமக்கு மட்டும் என்ன?

நல்ல கேள்வி, இரண்டு நாள் யோசித்தேன். ஆங்கிலம் படிக்கிறவர் காதில் அந்த லத்தீன் விழுவதில்லை. நம் காதில் ‘காரணி’க்குள் ‘காரணம்’ முழுசாக விழுகிறது, அந்த ஆசிரியைக்கு விழுந்தமாதிரி.

சரி, மாற்று என்ன? ‘கூறு’ என்று இருவர் எழுதியிருந்தீர்கள். எளிய சொல்தான், ஆனால் அது ஏற்கெனவே போணியாகிவிட்டது. முதன்மைக் கூறுப் பகுப்பாய்வு (பிரின்சிபல் காம்பொனென்ட் அனாலிசிஸ்) தனி முறை. புள்ளியியலாளர் ஹோட்டலிங் அதை 1933-இல் எழுதியதே ஒரு கல்வி உளவியல் இதழில்தான். எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளில் ஃபேக்டர் பட்டியைத் திறந்து, கேள்விகளைத் தேர்ந்தபின் வேறு எதையும் தொடாமல் சரி என்று அழுத்தினால் ஓடுவது முதன்மைக் கூறு முறை என்பது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேர் அதை ஓட்டிவிட்டு ஃபேக்டர் அனாலிசிஸ் செய்தோம் என்று எழுதுகிறார்கள். முறையே குழம்பிக் கிடக்கிறது, சொல்லையும் நாம் குழப்ப வேண்டாம்.

‘உள்ளுறை’ எனக்குப் பிடித்த சொல். அகப்பாட்டில் உள்ளுறை உவமம் இருக்கிறது, இயற்பியலில் உள்ளுறை வெப்பம் இருக்கிறது. (இலங்கைப் பாடநூல்களில் அது மறைவெப்பம்.) ஆனால் உள்ளுறை மாறி (நேரே அளக்க முடியாமல் மறைந்திருக்கும் எந்த மாறியும்) என்பது இதைவிடப் பெரிய குடும்பம், ஃபேக்டர் அதில் ஒரு பிள்ளை. குடும்பப் பெயரைப் பிள்ளைக்கு வைத்தால் பிறகு குடும்பத்தை எப்படிக் கூப்பிடுவது?

அதனால் நான் முன்வைப்பது ‘ஊடிழை’. ஊடாக ஓடும் இழை. தறியில் நீளவாக்கில் இருப்பது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. 24 கேள்விகளும் 24 பாவு நூல்கள் என்று வைத்துக்கொண்டால் அவற்றைக் குறுக்கே கோத்துப் பிடிப்பது ஊடிழை. சில நூல்களை இறுக்கிப் பிடிக்கும், சிலவற்றைத் தொட்டும் தொடாமலும் போகும். இது ‘இவையெல்லாம் சேர்ந்து போகின்றன’ என்பதோடு நின்றுவிடுகிறது, ‘இதனால்தான் அது’ என்று சொல்வதில்லை. ஊடிழைப் பகுப்பாய்வு, பொது ஊடிழை, (ஆளுமையை ஐந்தாகப் பிரிக்கும்) ஐந்து ஊடிழை மாதிரி என்று நீட்டவும் வருகிறது. ஊடு என்றால் ஊடல் நினைவுக்கு வருகிறது என்று ஒரு நண்பர் தனிமடலில் கேலி செய்தார். வரட்டுமே, தாம்சனும் ஸ்பியர்மனும் ஊடிக்கொண்டுதானே இருந்தார்கள்.

குறையும் உண்டு. நூலைச் சுழற்ற முடியாது, அச்சைத்தான் சுழற்றலாம். அதனால் அந்த இடத்தில் மட்டும் ‘அச்சுச் சுழற்றல்’ என்றே எழுதிவிடலாம். உருவகம் உடைகிறது, உடையட்டும்.

> உறுதிப்படுத்தும் பகுப்பாய்வில் அம்புக்குறி ஃபேக்டரிலிருந்து கேள்விக்குத்தானே போகிறது? அங்கே ஃபேக்டர் காரணம்தான்.

இதை எழுதிய அக்கா சொல்வது சரி: எந்தக் கேள்வி எந்த ஃபேக்டரைச் சேர்ந்தது என்று முன்கூட்டியே படம் வரைந்து, அது தரவோடு பொருந்துகிறதா என்று பார்க்கும் அந்த வகையில் அம்புக்குறி அப்படித்தான் போகிறது. ஆனால் அது ஆய்வாளர் முன்வைக்கும் கருதுகோள். தரவோடு பொருந்தினாலும், அதே அளவு பொருந்தும் வேறு படமும் வரைய முடியும். காரணம் என்று வாதாட விரும்புகிறவர் ‘இந்த ஊடிழையே காரணம்’ என்று வாக்கியமாக எழுதி வாதாடட்டும். இல்லாவிட்டால் கதை இப்படிப் போகும்: அவன் ஏன் ஓயாமல் பேசுகிறான்? புறமுக இயல்பு (எல்லோரோடும் கலந்து பழகும் குணம்) அதிகம். எப்படித் தெரியும்? அதான் ஓயாமல் பேசுகிறானே!

இனி எனக்கு முடிவாகாத ஒன்று, லோடிங், அதாவது ஒரு கேள்வி ஒரு ஃபேக்டரோடு எவ்வளவு இறுக்கமாகச் சேர்ந்து போகிறது என்று காட்டும் எண். ‘சுமை’ என்று எழுதுகிறார்கள். ‘மூன்றாம் கேள்வியின் காரணிச் சுமை 0.72’ என்று படித்தால் லாரிதான் கண்ணில் வருகிறது. தறியிலேயே நின்றால் ‘பிடிப்பு’ எனலாம்: மூன்றாம் கேள்வியின் பிடிப்பு 0.72. எதிர்க்குறி வந்தால் எதிர்ப்பிடிப்பு. நேற்றுச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன், தசைப்பிடிப்பு மாதிரி கேட்கிறது என்று வீட்டில் சிரித்தார்கள். இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் வியாழனுக்குள் எழுதுங்கள். ஆசிரியை ஆய்வேட்டை வெள்ளிக்கிழமை பைண்டிங்குக்குக் கொடுக்கிறார், முடிவுரையைத் திருத்தியாகிவிட்டது, அட்டவணையின் தலைப்பு மட்டும் காலியாக இருக்கிறது.