புதுப்பிப்பு: "வெயிட்டைக் குறைங்க" என்று அனுப்பப்பட்ட மூச்சுத்திணறல், காரணம் கிடைத்தது

நான்கு மாதம் முன்பு கேட்டிருந்தேன்: படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது, இரண்டு மருத்துவர்கள் எந்தப் பரிசோதனையும் செய்யாமல் "வெயிட்டைக் குறைங்க" என்று அனுப்பிவிட்டார்கள், என்ன செய்வது என்று. பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

பலித்தது இந்த யோசனை: "இதே தொந்தரவோடு ஒல்லியான ஒருத்தர் வந்தால் என்ன டெஸ்ட் எழுதுவீங்க, டாக்டர்?" என்று கேட்கச் சொன்னது. மூன்றாவது மருத்துவரிடம் குரல் நடுங்கக் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு ரத்தப் பரிசோதனை எழுதினார். ஹீமோகுளோபின் 7.4. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை. உடம்பில் இரும்புச் சேமிப்பு எவ்வளவு என்று காட்டும் ஃபெரிட்டினும் அடிமட்டத்தில். மாதவிடாய் எப்படிப் போகிறது என்று அப்போதுதான் முதல்முறையாக ஒருவர் கேட்டார். ஸ்கேனில் கர்ப்பப்பையில் நார்க்கட்டி; அதிக உதிரப்போக்கும் ரத்தசோகையும் அதனால்தான். இரும்பு மாத்திரையும், உதிரப்போக்கைக் குறைக்க மருந்தும் கொடுத்தார். இப்போது ஹீமோகுளோபின் 11.2. எடை அதேதான், மூச்சு வாங்குவது நின்றுவிட்டது. இத்தனை நாள் என் உடம்பையே திட்டிக்கொண்டிருந்தேனே என்பதுதான் இன்னும் வலிக்கிறது.

எதிர்பாராத ஒன்று, பிரஷர். முன்பு 148/94 என்று சொல்லி மாத்திரை தொடங்கப் பார்த்தார்கள். இந்த மூன்றாவது மருத்துவரிடம் நர்ஸ் அக்கா என் கையைப் பார்த்ததுமே, பிரஷர் பார்க்கக் கையில் சுற்றும் பட்டையில் பெரியதை எடுத்து வந்தார். 128/82. கைக்குச் சிறிய பட்டை சுற்றினால் அளவு கூடுதலாகக் காட்டுமாம். வேறு இரண்டு நாளும் பார்த்தார்கள், அதே அளவுதான். மாத்திரை வேண்டாம் என்றாகிவிட்டது.

மேல்கைச் சுற்றளவு 35 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் பெரிய பட்டை கேளுங்கள், தயங்காதீர்கள்.