காலையில் ஸ்டார்ட் செய்ததும் காருக்குள் பெட்ரோல் வாடை: எங்கே தேடுவது?

கேள்வி:
பத்து வருடமான கார், நாலு சிலிண்டர், மல்டிபாயின்ட் இன்ஜெக்‌ஷன். இரவு முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்தால் முதல் ஐந்து நிமிடத்துக்கு உள்ளே பெட்ரோல் வாடை குப்பென்று அடிக்கிறது. இன்ஜின் சூடானதும் போய்விடுகிறது. தரையில் ஒரு சொட்டுகூட இல்லை, செக் இன்ஜின் விளக்கும் எரியவில்லை. டேங்க் மூடியை மாற்றிப் பார்த்தேன், பலனில்லை. டேங்கின் பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கரி டப்பாவான கேனிஸ்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா சார்?

பதில் 1:
கேனிஸ்டரை இப்போதைக்குத் தொடாதீர்கள். வாடை எப்போது வருகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. டேங்க் நிரப்பிய பிறகு மட்டும் வந்தால் டேங்கின் மேல்பக்கம், ஃபில்லர் ஹோஸ், கேனிஸ்டர் என்று பின்னால் தேட வேண்டும். குளிரில் வந்து சூட்டில் நின்றுவிடுகிறது என்றால் என் முதல் சந்தேகம், பெட்ரோலைத் தூவும் இன்ஜெக்டரின் மேல் ஓ-ரிங், அதாவது கசிவை அடைக்கும் ரப்பர் வளையம். வருடக்கணக்கில் சூடுபட்ட ரப்பர் இறுகிப்போகும். குளிரில் சுருங்கும்போது மயிரிழை இடைவெளி விடும், சூடேறியதும் விரிந்து அடைத்துக்கொள்ளும். இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பகிரும் குழாயான ரெயிலில் 3 முதல் 4 பார் அழுத்தம் இருப்பதால் அந்த இடைவெளியே போதும். கசிந்தது, இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயான மேனிஃபோல்டு மேலேயே ஆவியாகிவிடும், அதனால்தான் தரையில் சொட்டு இல்லை.

முதலில் உள்ளே உட்கார்ந்தபடியே ஒரு சோதனை. ஃபேனை வெளிக்காற்று நிலையில் வையுங்கள், வாடை வந்ததும் உள்காற்றையே சுற்றவிடும் ரீசர்க்குலேஷனுக்கு மாற்றுங்கள். வெளிக்காற்று நுழையும் வழி முன்கண்ணாடியின் அடியில், பானட்டை ஒட்டித்தான் இருக்கிறது. ரீசர்க்குலேஷனில் வாடை குறைந்தால் கசிவு இன்ஜின் பக்கம். குறையவே இல்லை என்றால் டேங்க் பக்கம், பின்சீட்டைத் தூக்கிப் பாருங்கள்.

அடுத்து, குளிர்ந்த இன்ஜினில், திறந்தவெளியில் பானட்டைத் திறந்து, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் மட்டும் செய்யுங்கள். பம்ப் இரண்டு மூன்று விநாடி ஓடி நிற்கும். நாலைந்து முறை ஆன், ஆஃப் செய்தால் ரெயிலில் முழு அழுத்தம் ஏறிவிடும். பிறகு எல்இடி டார்ச்சால் ஒவ்வொரு இன்ஜெக்டரும் ரெயிலுக்குள் நுழையும் கழுத்தைப் பாருங்கள். ஒயர் விட்ட குண்டு பல்ப் வேண்டாம், கீழே விழுந்து உடைந்தால் அதுவே தீப்பொறி. டிரை பவுடர் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஈரம் சொட்டாகத் தெரிந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது.

பதில் 2:
கேனிஸ்டரின் ஆவியை இன்ஜினுக்கு விடும் பர்ஜ் வால்வு திறந்தபடி சிக்கியிருந்தால் பெட்ரோல் போட்ட உடனே ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், ஐடிலில் குதிக்கும். உங்களுக்கு அது இல்லை. ஆவி கசிந்தால், அதைக் கண்காணிக்கும் வசதியுள்ள வண்டிகளில் பி0442 (சிறு கசிவு), பி0455 (பெரிய கசிவு) போன்ற கோளாறுக் குறியீடு விழுந்திருக்கும். ஆனால் ஒன்று: பெட்ரோல் பங்கில் பம்ப் தானாக நின்ற பிறகும் நிரப்பும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். திரவப் பெட்ரோல் கேனிஸ்டருக்குள் போனால் கரி நனைந்து வீணாகும்.

இன்ஜின் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கையும் உருவி முகர்ந்து பாருங்கள். ஆயில் அளவு ஏறி, பெட்ரோல் நெடி அடித்தால் இன்ஜெக்டரின் நுனி சிலிண்டருக்குள் ஒழுகுகிறது. அதற்கு ஓ-ரிங் மாற்றிப் பயனில்லை.

கேட்டவர்:
ரீசர்க்குலேஷனில் வாடை பாதிக்கு மேல் குறைந்தது. டிப்ஸ்டிக் சுத்தம். மூன்றாவது இன்ஜெக்டரின் கழுத்தைச் சுற்றி மட்டும் கறுப்பாக ஒரு வளையம், அதில் தூசி ஒட்டியிருக்கிறது. சாவியை நாலு முறை ஆன் செய்த பிறகு வெள்ளை டிஷ்யூவால் தொட்டேன்; ஈரமானது, சில விநாடியில் காய்ந்து மஞ்சள் கறை விட்டது. ரெயில் போல்ட்டை இறுக்கினால் நிற்குமா?

பதில் 1:
நிற்காது. ஓ-ரிங் பக்கவாட்டில் அடைக்கிறது, போல்ட் ரெயிலை அதன் இடத்தில் நிறுத்த மட்டும்தான். அதிகம் இறுக்கினால் மேனிஃபோல்டின் மரை பிய்ந்துவிடும். கண்டுபிடித்தாயிற்று, இனி வண்டியை ஓட்டாமல் மாற்றிவிடுங்கள்.

ஃபியூவல் பம்ப் ஃபியூஸைக் கழற்றி, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டு, அதன்பின் ஐந்து விநாடி செல்ஃப் அடியுங்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். இன்ஜின் நன்றாக ஆறட்டும். ரெயிலையும் கழுத்துகளையும் பிரஷ்ஷால் சுத்தம் செய்த பிறகே திறங்கள், இல்லையென்றால் அந்த மண் நேராக இன்டேக் துளைக்குள் விழும். ஹோஸைக் கழற்றும்போது துணியைச் சுற்றிப் பிடியுங்கள், மிச்ச பெட்ரோல் வரும். ரெயிலை இன்ஜெக்டர்களோடு நேராக மேலே தூக்குங்கள், ஒருபக்கம் நெம்பக் கூடாது.

நாலு இன்ஜெக்டரிலும் மேல், கீழ் ரிங் இரண்டையும் மாற்றுங்கள். மூன்று பழசை விட்டுவைத்தால் அடுத்த குளிரில் அதில் ஒன்று ஒழுகும். ரிங் ஃப்ளூரோ ரப்பராக இருக்க வேண்டும். நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், இன்ஜெக்டருக்கென்றே வரும் செட்டாக வாங்குங்கள். சாதாரண நைட்ரைல் ரிங் எத்தனால் கலந்த பெட்ரோலில் உப்பிப்போகும். சுத்தமான இன்ஜின் ஆயிலை விரல் நுனியில் தொட்டு மெல்லப் பூசி நேராக அழுத்துங்கள். காய்ந்த ரிங்கைத் திணித்தால் ஓரம் மடிந்து வெட்டுப்படும், புதுசும் ஒழுகும். முடித்ததும் அதே டிஷ்யூ சோதனை. நாலு கழுத்தும் காய்ந்திருந்தால் மட்டுமே ஸ்டார்ட்.

பதில் 2:
ரெயிலுக்கு வரும் ஹோஸ் ரப்பராக இருந்தால் வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள். எஸ்ஏஇ ஜே30ஆர்9 என்று அச்சிட்டதுதான் இன்ஜெக்‌ஷனுக்கு. ஆர்7 கார்புரேட்டர் காலத்துக் குறைந்த அழுத்தத்துக்கு உரியது. கிளாம்பும் உள்விளிம்பு வழவழப்பான இன்ஜெக்‌ஷன் கிளாம்பாக இருக்கட்டும், துளையிட்ட பட்டை ரப்பரை அறுக்கும்.

கேட்டவர்:
எட்டு ரிங்கும் மாற்றியாச்சு. டிஷ்யூ காய்ந்தே இருக்கிறது, காலை வாடை சுத்தமாக நின்றது. ஆனால் நேற்று டேங்க் நிரப்பிய பிறகு பின்சீட்டில் மட்டும் லேசாக ஒரு வாடை. பெட்ரோல் பாதிக்குக் கீழ் இறங்கியதும் வாடை இல்லை. இதுவும் அதுதானா?

பதில் 1:
இது வேறு. டேங்குக்குள் இருக்கும் ஃபியூவல் பம்பின் மேல்மூடியில் உள்ள சீல் ரிங்காக இருக்கும். பின்சீட்டுக்கு அடியில் உள்ள தகட்டைத் திறந்தால் மூடியைச் சுற்றி ஈரம் தெரியும். கதவுகளைத் திறந்துவைத்துப் பாருங்கள், பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தங்கும். சீலை மாற்றுவதாக இருந்தால் டேங்கைக் கால் அளவுக்கு இறக்கிக்கொண்டு திறங்கள். மூடியை இறுக்கிப் பிடிக்கும் லாக் ரிங்கைத் திருப்பப் பித்தளைப் பஞ்ச், இரும்பு வேண்டாம். வெளியே எடுத்த சீல் உப்பியிருக்கும், அதே பள்ளத்தில் திரும்ப உட்காராது; புது சீலைக் கையில் வைத்துக்கொண்டே மூடியைக் கழற்றுங்கள். அதுவரை பாதி டேங்குக்கு மேல் நிரப்பாதீர்கள்.